உப்புப் படகின் பின்னால்

விழுப்புரத்துக்காரன் படகில் போய்த் தாலி கட்டினான் என்று சொன்னால் எங்கள் தெருவில் இன்றும் சிரிக்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ரயில். எந்தத் திசைக்குப் போவதானாலும் ஜங்ஷனில் போய் நின்றால் ஏதாவது ஒரு வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். தண்ணீர் என்பது ஏரியில் கிடப்பது. அதில் மாடு குளிக்கும், மனிதனும் குளிப்பான். அதன்மேல் உட்கார்ந்து ஊருக்குப் போகலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

நயா பைசா வந்த புதிது. நான் ஒரு மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், கணக்குப்பிள்ளை. திருப்போரூருக்குக் கிழக்கே, கால்வாய்க் கரையில் இருக்கும் ஒரு சின்ன ஊரில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் கல்யாணம் செய்வதுதான் எங்கள் வழக்கம். ஆனால் பெண்ணின் அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தார். மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்த்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். அதனால் பெண் வீட்டிலேயே பந்தல். கார்த்திகை மாதம், வெள்ளிக்கிழமை காலை முகூர்த்தம்.

என் அம்மாவும் மற்றவர்களும் முந்தின வாரமே போய்விட்டார்கள். மண்டியில் சரக்கு ஏற்றும் நேரம் என்று முதலாளி என்னை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டார். கிளம்பும்போது அம்மா சொன்னாள்: "தேதி வச்ச புள்ள ஆறு, கழி எல்லாம் தாண்டக் கூடாதுடா. தண்ணிமேல வராத. ஒழுங்கா ரயில்லயே வந்துடு."

செவ்வாய்க்கிழமை காலை ஜங்ஷனுக்குப் போனேன். தண்டவாளத்தின்மேல் தண்ணீர் ஓடுகிறது, வடக்கே வண்டி கிடையாது என்றார்கள். சரி என்று பஸ் பிடித்துத் திண்டிவனம் போனேன். அங்கே ஒரு ஓட்டலில் இட்லியும் வடகறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து மேஜையில் ஒரு டிரைவர் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "மெட்ராஸ் ரோடு அவ்ளோதான். ஏரி ஒடச்சிக்கினு ரோட்டையே தூக்கினு போயிடுச்சி. இன்னும் ஒரு வாரம் பேஜாருதான்."

இட்லியைப் பாதியில் வைத்தேன். கல்யாணம் நின்றால் நின்றுபோகட்டும் என்று இருக்க முடியாத ஒரு விஷயம் இருந்தது. பெண்ணுக்கு முறை மாப்பிள்ளை ஒருவர் அதே ஊரில், அடுத்த தெருவில் இருந்தார். மாமன் மகன். பெயர் ஏகாம்பரம். நான் அவரைப் பார்த்ததில்லை. எங்களுக்கு முன்பே அவர் வீட்டில் பெண் கேட்டிருக்கிறார்கள். பெரியவர்களுக்குள் ஏதோ மனஸ்தாபம், தட்டிப்போயிற்று. குறித்த முகூர்த்தத்தைத் தள்ளக் கூடாது, அப்பாவோ இன்றோ நாளையோ என்று கிடக்கிறார், மாப்பிள்ளையைக் காணோம் என்றால் என்ன செய்வார்கள்? கையருகே இருக்கும் முறை மாப்பிள்ளையைக் குளிக்க வைத்து மணையில் உட்கார வைப்பார்கள். நான் அந்த வீட்டில் இருந்தால் நானே அப்படித்தான் சொல்வேன்.

ஒரே ஒரு தடவைதான் பெண்ணைப் பார்த்திருந்தேன். காபி டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு, "சூடா இருக்குங்க, பாத்து" என்று சொன்னாள். அதற்கு முன்னால் யாரும் என் நாக்கு சுட்டுவிடுமே என்று கவலைப்பட்டதில்லை. எப்படியும் போய்ச் சேருவது என்று அந்த ஓட்டலிலேயே முடிவு செய்தேன். கை கழுவும்போது வழி கேட்டேன். மரக்காணம் போனால் மெட்ராஸ் வரைக்கும் கால்வாய் இருக்கிறது, விறகுப் படகும் உப்புப் படகும் போகும் என்று கல்லாவில் இருந்தவர் சொன்னார். அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. அம்மாவிடம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

மரக்காணம் பஸ்ஸும் என்னைப் பாதியில் கைவிட்டது. ஓர் ஓடையின் நடுவில் சக்கரம் புதைந்துவிட்டது. எல்லாரும் பின்பக்கமாக மெதுவாக இறங்கினார்கள். எனக்கு அவசரம், முன்பக்கமாகக் குதித்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. கணுக்கால் மடங்கி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொழுக்கட்டை அளவுக்கு வீங்கிவிட்டது. ஒரு மாட்டு வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டு போய்ப் படகுத்துறையில் இறக்கிவிட்டார். இனி நடந்தாவது போகலாம் என்ற பேச்சுக்கும் இடம் இல்லை.

துறையில் சவுக்குக் கட்டை ஏற்றிய படகு ஒன்று மறுநாள் விடியலில் கிளம்பத் தயாராக நின்றது. படகுக்குத் தலைவரைத் தண்டல் என்கிறார்கள். இந்தத் தண்டலுக்குப் பெயர் முனுசாமி. அகலமான மார்பு, ரொம்ப மெதுவான குரல். கூடவே அவர் மனைவி பச்சையம்மாள், கரையில் நடந்து கயிறு இழுப்பதற்கு ஏழுமலை என்பவரும் அவருடைய தம்பியும்.

திருப்போரூர்ப் பக்கம் போக வேண்டும் என்றேன். என்ன விஷயம் என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். கல்யாண மாப்பிள்ளை என்று தெரிந்தால், தண்ணீர்மேல் ஏற்றிய பாவம் எங்களுக்கு எதற்கு என்று இறக்கிவிட்டுவிடுவார்களே! ஆனால் முனுசாமி ஒன்றும் கேட்கவில்லை. என் ஒரு வாரத் தாடியைப் பார்த்தார். காலைப் பார்த்தார். "ஏறிக்குங்க" என்றார். தாடி எடுப்பதற்குப் பெண் வீட்டில் ஆள் வைத்திருந்தார்கள், அதனால் நான் விட்டுவைத்திருந்தேன். அவருக்கு அது எப்படித் தெரியும்?

மழையில் என் பெட்டிக்குள் இருந்ததெல்லாம் நனைந்திருந்தது. விழுப்புரத்தில் வாங்கிய புது எட்டு முழ வேட்டியை எடுத்துக் கட்டைகளின்மேல் விரித்துக் காயப் போட்டேன். பச்சையம்மாள் அந்த வேட்டியைப் பார்த்தாள். நான்கு மூலைகளையும் பார்த்தாள். பிறகு தன் புருஷன் பக்கம் திரும்பி ஏதோ சாடை காட்டினாள். புது வேட்டி நல்ல விலை இருக்கும் என்று பேசிக்கொள்கிறார்கள் போலும் என்று நினைத்தேன்.

புதன்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். கால்வாய்ப் பயணம் எப்படி என்றால், படகின் மூக்கில் ஒரு நீளக் கயிறு, அதைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு பேர் கரையில் நடக்கிறார்கள். தண்டல் பின்னால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். காற்று ஒத்துழைத்தால் பாய் விரிக்கலாம். கார்த்திகையில் காற்று எதிர்க்காற்று. ஆக, மனிதன் நடக்கும் வேகம்தான் படகின் வேகம். எங்கள் பாஸஞ்சர் ரயிலைக்கூட நான் அன்றைக்கு மனதார மன்னித்துவிட்டேன்.

ஆனால் அந்தத் தண்ணீரின்மேல் இருந்த மரியாதை! அதைச் சொல்லியாக வேண்டும். விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் வந்து நின்றால் இறங்குகிறவனுக்கு வழி விடாமல் நான்கு பேர் ஏறுவார்கள். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்தவனை அடுத்தவன் துண்டோடு தள்ளுவான். இங்கே, எதிரே காலிப் படகு வந்தால் அதுதான் நிற்கும். தன் கயிற்றைத் தளர்த்தித் தண்ணீருக்குள் அமிழ விடும். சுமைப் படகு அந்தக் கயிற்றின்மேல் ஏறிப் போகும். போகும்போது இரண்டு தண்டல்களும் "தூரமா?" "கொஞ்சம் தூரந்தான்" என்று சொல்லிக்கொள்வார்கள். எங்கே போகிறாய் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

இன்னொன்று. கரையோரம் கட்டியிருக்கும் படகில் அடுப்புப் புகை தெரிந்தால், கடக்கும் படகு தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அலை அடித்து அந்தப் படகில் கொதிக்கும் பானை ஆடக் கூடாதாம். கால்வாய்த் தண்ணீர் உப்பு. குடிக்கும் தண்ணீர் ஒவ்வொரு படகிலும் ஒரு பானைதான். அந்தப் பானையைக் காட்டி யார் கேட்டாலும், சண்டைக்காரனே கேட்டாலும், முதலில் தண்ணீர், பிறகுதான் பேச்சு.

மதியம் ஓர் இடத்தில் பாதை முழுக்கச் சேறு. ஏழுமலையும் தம்பியும் முழங்கால் வரை புதைந்து நின்றார்கள். வயலில் இருந்த ஒரு மனிதர் ஓடிவந்து கயிற்றில் தோள் கொடுத்தார். அந்தச் சேறு தாண்டும்வரை இழுத்துக் கொடுத்தார். எனக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. "உங்க பேரு இன்னாங்க? எந்த ஊரு?" என்று கத்தினேன்.

அந்த மனிதர் பதில் சொல்லாமல் திரும்பிப் போனார். முனுசாமி மெதுவாகச் சொன்னார்: "கயிறு புடிச்சவர யாருன்னு கேக்கறது இல்லீங்க. பேரு கேட்டா ஊரு கேப்போம். ஊரு கேட்டா தெரு கேப்போம். அப்பறம் கயிறு எங்க நகரும்? கேக்கணும்னா கரை ஏறினப்பறம் கேட்டுக்கலாம்."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. பிறகு நான் யாரையும் பேர் கேட்கவில்லை.

சாப்பாடுதான் கொஞ்சம் வருத்தம். கேப்பைக்களியும் வெறும் உப்புப் போட்ட கீரையும். இழுப்பவர்கள் வழியில் வலை வீசி மீன் பிடித்தார்கள், துள்ளத் துள்ள நல்ல மடவை மீன். நான் ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சையம்மாள் அதை அப்படியே எதிரே வந்த படகுக்குக் கொடுத்துவிட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, நம்ம படகுல மீன் ஆக்க மாட்டீங்களா?"

"இப்ப வேணாங்க. நல்லாவா இருக்கும்?" என்றாள்.

வீங்கிய காலுக்கு மீன் ஆகாது என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அவர்கள் படகில் பாட்டும் இல்லை. பக்கத்தில் போகும் படகுகளில் கயிறு இழுக்கிறவர்கள் பாடிக்கொண்டு போனார்கள். எங்கள் ஏழுமலை ஒரு தடவை வாயெடுத்தார். முனுசாமி கையைக் காட்டியதும் நிறுத்திக்கொண்டார். சிடுமூஞ்சிப் படகில் வந்து ஏறினோமே என்று நொந்துகொண்டேன்.

இதெல்லாம்கூடப் போகட்டும். எங்களுக்கு முன்னால் உப்புப் படகு ஒன்று போய்க்கொண்டிருந்தது. கீற்றுப் போட்டு மூடிய பெரிய படகு. தண்டல் வெள்ளைத் தலைக்காரர், பெயர் தனக்கோட்டி. அந்தப் படகு போன வேகத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். நத்தை அதைக் கடந்து போய் மறுகரையில் முட்டை இட்டிருக்கும். நாங்களோ அதன் வாலைப் பிடித்தபடியே போனோம். பின்னால் வந்த படகுகள் குரல் கொடுத்தன, "ஓரம், அண்ணே!" என்றன. முனுசாமி உடனே ஒதுங்கி வழி விட்டார். அவை தனக்கோட்டியிடமும் குரல் கொடுத்துத் தாண்டிப் போயின. முனுசாமி மட்டும் தாண்டவில்லை.

"நாமும் கேட்டுட்டுத் தாண்டலாமே?" என்றேன்.

"நாம தாண்டக் கூடாதுங்க" என்றார். அவ்வளவுதான். ஏன் என்று கேட்கலாம் என்று வாய் வரை வந்தது. அவர் முகத்தில் இருந்த மரியாதையைப் பார்த்தால் கேட்க முடியவில்லை. பெரியவர் என்பதால் தனக்கோட்டிக்குக் கொடுக்கும் மரியாதை என்று நானாக முடிவு கட்டினேன். மனதுக்குள் வெள்ளிக்கிழமை மணையும், அதில் உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாத ஏகாம்பரமும்தான் தெரிந்தார்கள். அவருக்கு நான் கொடுத்த முகத்தில் முறுக்கிய மீசை இருந்தது.

அன்று மாலை பச்சையம்மாள் எனக்குக் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். நான் சாப்பிடாமல் வடக்கேயே பார்த்துக்கொண்டிருந்தேன். "கொஞ்சம் குடிங்க. போனதுக்கு நாம இன்னா பண்ண முடியும்?" என்றாள். போன நேரத்தைத்தானே சொல்கிறாள், அந்த நேரத்தைப் போக்கியதே உங்கள் படகுதானே என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

வியாழக்கிழமை மதியம் பாலாற்றங்கரைக்கு வந்தோம். கால்வாய் ஆற்றைத் தாண்டும் இடத்தில் இரண்டு பக்கமும் பெரிய கதவு போட்ட மதகு இருக்கிறது. லாக்கு என்கிறார்கள். ஆற்றில் வெள்ளம். கதவைத் திறந்தால் சில படகுகள்தான் ஒரு சமயத்தில் போகலாம். எங்களுக்கு முன்னால் நீள வரிசை. வரிசையின் கடைசியில் தனக்கோட்டி. அவருக்குப் பின்னால் நாங்கள்.

அப்போது எங்களுக்குப் பின்னால் இன்னொரு விறகுப் படகு வந்தது. முனுசாமி அதைப் பார்த்ததும் தன் படகைக் கழி ஊன்றிக் கரையோரம் தள்ளிக்கொண்டு, "நீங்க முன்னாடி போங்க" என்றார். அது போயிற்று. அடுத்து ஒரு காலிப் படகு. அதற்கும், "போங்க, போங்க." காலிப் படகுக்கு!

எனக்குள் இருந்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது. நொண்டியபடி எழுந்து நின்றேன்.

"யோவ், தண்டல்! வர்றவனுக்கெல்லாம் வழி விட்டுக்கினே இருந்தா நான் எப்ப போய்ச் சேர்றது? நாளைக்குக் காலைல எனக்குக் கல்யாணம்யா! நான்தான் மாப்பிள்ளை! நான் போகலன்னா வேற ஒருத்தன் தாலி கட்டிடுவான்! தண்ணில வர்ற மாப்பிள்ளை ஆகாதுன்னா இங்கயே எறக்கி வுடு, நான் தவழ்ந்தாவது போறேன்!"

ஏழுமலை கயிற்றைக் கீழே போட்டார். முனுசாமியின் வாய் திறந்தது திறந்தபடியே இருந்தது. பச்சையம்மாள்தான் முதலில் பேசினாள். மரியாதையெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"அடப்பாவி மனுசா! கல்யாணமா? எழவுன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தோம்!"

"எழவா? யார் சொன்னது?"

"உன் வேட்டிதான் சொல்லுச்சி! புது வேட்டி, ஒரு மூலைலயாவது மஞ்ச வச்சிருக்கியா? மஞ்ச வெக்காத புதுத்துணிய எவன் எடுத்துக்கினு போவான்? செத்தவங்களுக்குக் கோடி போடத்தானே எடுத்துக்கினு போவான்! தாடி வேற. எதுக்குப் போறன்னும் சொல்லாம வடக்கயே பாத்துக்கினு கெடந்தா நாங்க இன்னாத்த நெனைக்கறது?"

மஞ்சள். அம்மா இருந்தால் வைத்திருப்பாள். மண்டியில் இருந்து அவசரமாக ஓடிப் போய் வாங்கிய ஆண்பிள்ளைக்கு மஞ்சள் எங்கே நினைவு வரும்?

முனுசாமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. துக்கத்துக்குப் போகிறவனை ஏற்றிய படகு இன்னொரு படகைத் தாண்டிப் போகக் கூடாதாம். தன் துக்கத்தை அடுத்தவன் முகத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைப்பது மரியாதை அல்லவாம். பின்னாலேயே போக வேண்டும், வருகிறவர்களுக்கெல்லாம் வழி விட வேண்டும். மீன் கூடாது, பாட்டுக் கூடாது. யார் செத்தார்கள் என்று கேட்பது அதைவிடக் கூடாது. இரண்டு நாளாக அவர்கள் எனக்குச் செய்தது அவ்வளவும் மரியாதை. அந்த மரியாதைதான் என் கல்யாணத்தைக் கவிழ்க்கப் பார்த்தது.

"மாப்பிள்ளை தண்ணில வரக் கூடாதுன்னு எறக்கி வுட்டுடுவீங்களோன்னுதாங்க சொல்லல" என்றேன்.

"அது உங்க ஊர்ல" என்றார் முனுசாமி. "இங்க கல்யாணப் படகுன்னா கால்வாயே ஒதுங்கும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

பச்சையம்மாள் மஞ்சளை உரசி என் வேட்டியின் நான்கு மூலைகளிலும் தடவினாள். மிச்சத்தை என் கன்னத்தில் பூசினாள். ஏழுமலை அந்த வேட்டியை ஒரு மூங்கிலில் கட்டிப் படகின் மூக்கில் நட்டார். முனுசாமி அடித்தட்டில் இருந்து ஒரு தகரக் கொம்பை எடுத்தார். அதைத் துடைத்து, கன்னம் உப்ப ஊதினார்.

அந்தச் சத்தம் கேட்டதும் வரிசை முழுவதும் தலைகள் திரும்பின. மஞ்சள் மூலை வேட்டியைப் பார்த்தார்கள். ஒருவர் கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒவ்வொரு படகும் கயிற்றைத் தண்ணீரில் அமிழ விட்டு, கழி ஊன்றி, கரையோரம் ஒதுங்கியது. நடுவில் தண்ணீர் ஒரு தெருவாகத் திறந்தது. இரண்டு நாளாக நான் சபித்துக்கொண்டிருந்த தனக்கோட்டி, தன் படகை எங்கள் படகோடு அணைத்து நிறுத்தி, ஒரு புதுப்பானை நிறைய உப்பை என் மடியில் வைத்தார்.

"முதல் சீரு உப்புங்க" என்றார். பிறகு முனுசாமியைப் பார்த்துச் சிரித்தார். "பாட்டும் இல்லாம, தாண்டவும் இல்லாம பின்னால துக்கக்காரங்க வர்றாங்களே, நாம வேகமாப் போனா நல்லா இருக்காதுன்னு நானும் ரெண்டு நாளா மெதுவாவே போய்க்கினு இருந்தேன்!"

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்தேன்.

ஆற்றைக் கடந்ததும் ஏழுமலை பாட ஆரம்பித்தார். அன்று மாலை மடவை மீன் குழம்பு. அதைப் போல ஒரு குழம்பு நான் பிறகு சாப்பிட்டதில்லை, என் மனைவி இதைப் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் சொல்கிறேன். எதிர்ப்பட்ட படகுகளில் கயிறு இழுப்பவர்கள் முறை வைத்து எங்கள் கயிற்றை வாங்கிக் கொஞ்ச தூரம் இழுத்துக் கொடுத்தார்கள். இரவு முழுதும் படகு நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பெண்ணின் ஊர்க் கோயில் கோபுரம் தூரத்தில் தெரிந்தது. ஆனால் கரை வழுக்கியது. ஏழுமலையின் தம்பி விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டான். ஏழுமலை தனியாக இழுத்தார், படகு அசைந்தால் அது தண்ணீரின் தயவு. நான் கரையில் இறங்கினேன். முனுசாமி வேண்டாம் என்று கத்தினார். கயிற்றைத் தோளில் போட்டு ஒற்றைக் காலால் இழுத்தேன். சில அடி போனதும் சேற்றில் குப்புற விழுந்தேன். எழுந்தேன், மறுபடி விழுந்தேன். தூரத்தில் மேளச் சத்தம் கேட்டது.

முனுசாமி கொம்பை எடுத்து விடாமல் ஊதினார்.

ஊர்ப் பக்கத்தில் இருந்து ஒருவர் மழையில் ஓடிவந்தார். என் வயது இருக்கும். பட்டு வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்தார், நெற்றியில் சந்தனம் மழையில் கரைந்து மூக்கில் வழிந்தது. கல்யாணத்துக்கு வந்த விருந்தாளி போலும் என்று நினைத்தேன். என்னைத் தூக்கிப் படகில் உட்கார வைத்தார். ஏழுமலைக்கு முன்னால் போய்க் கயிற்றைத் தோளில் போட்டார். இழுக்கத் தெரிந்த மனிதர். படகு பாய்ந்தது.

யார் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பாடம்தான் ஏற்கெனவே ஆகியிருந்ததே. ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"ஜல்தி, அண்ணே, ஜல்தி! அங்க மாமன் மகன் ஒருத்தன் இருக்கான். என்னைக் காணோம்னு அவனப் புடிச்சி மணைல ஒக்கார வச்சிடுவாங்க!"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "ஒக்கார மாட்டான்" என்றார். "நீங்க கெட்டியா புடிச்சிக்குங்க."

பந்தலுக்குள் முனுசாமியும் ஏழுமலையும் என்னைத் தோள் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போனபோது மணை காலியாக இருந்தது. ஐயர் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். என் அம்மா என்னைப் பார்த்ததும் ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே, "தண்ணிலயாடா வந்த?" என்று கேட்டாள். கட்டிலோடு தூக்கிவந்து பந்தல் ஓரம் வைத்திருந்த மாமனார் கண்ணைத் திறந்தார். சேறு காயாத கையாலேயே தாலி கட்டினேன். அவள் தலை குனிந்தபடி, "கால் வலிக்குதுங்களா?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகுதான் சுற்றிலும் பார்த்தேன். பந்தல் காலுக்குப் பக்கத்தில் பெண்ணின் அத்தை அந்தப் பட்டு வேட்டிக்காரரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கடா போன ஏகாம்பரம்? சந்தனம் வச்சி மணைல ஒக்கார்றா சாமின்னா, கொம்பு ஊதறாங்கன்னு எழுந்து ஓடறியே! பட்டு வேட்டி எல்லாம் சேறு!"

மீசைகூட முறுக்காத சாதாரண முகம். நொண்டிக்கொண்டே போய் அவர் கையைப் பிடித்தேன். கயிறு அறுத்த கை, தோல் உரிந்து சிவந்திருந்தது.

கரை ஏறியாகிவிட்டது, இனி கேட்கலாம். கேட்டேன். "ஏங்க, நீங்க எதுக்கு இழுத்தீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மணைப் பக்கம், அவள் உட்கார்ந்திருந்த இடத்தை, ஒரு தடவை பார்த்தார்.

"நான் இந்தக் கரைலயே பொறந்தவங்க" என்றார். "கல்யாணப் படகு வந்தா வழி விடணும்."

கையை விடுவித்துக்கொண்டு பந்திக்கு இலை போடப் போய்விட்டார். மழை விட்டு முதல் பந்தி உட்கார்ந்தது. என் ஒரு பக்கம் அவள், மறுபக்கம் முனுசாமி. தனக்கோட்டி கொடுத்த பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருவர் வரிசையாக வந்தார். என் இலையில் முதலில் உப்பு வைத்தது ஏகாம்பரம்தான்.